உப்புக்கும் பின்னால நிக்கிற பட்டர்

கடையில விக்கிற பட்டர் குக்கீஸ் பக்கற் ஒண்டை எடுத்துத் திருப்பிப் பாருங்கோ. முன்பக்கம் வேண்டாம், அது படம் காட்டுற பக்கம். பின்பக்கம், ஒட்டு மடிப்புக்குக் கிட்ட, மூண்டு மொழியிலயும் நெருக்கி அடிச்சுக் கிடக்கிற பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டு வாசியுங்கோ. நான் போன கிழமை வாங்கினதில இருந்த வரிசை இது: கோதுமை மா. சீனி. மரக்கறிக் கொழுப்பு. பிறகு மாப்பொருள், பால்மா, பொங்கப் பண்ணுற சாமான், உப்பு. உப்புக்கும் பின்னால, வரிசையின்ர கடைசியில, பட்டர். கண்டறியாத பட்டர் குக்கீஸ்!

இந்த வரிசை வாய்க்கு வந்தபடி எழுதுறது இல்லை. நிறை கூடினது முதல், குறைஞ்சது கடைசி, அதுதான் முறை. இனிப்புப் பிஸ்கட்டில உப்பு எவ்வளவு போடுவினம்? நூறு கிராமுக்கு ஒரு கிராமைத் தாண்டினாலே நாக்கு காட்டிக் குடுத்திடும். அப்ப அந்த உப்புக்கும் பின்னால நிக்கிற பட்டரின்ர கதியை நீங்களே கணக்குப் பாருங்கோ. ஆனா முன்பக்கப் படத்தில பட்டரைக் கத்தியால சுருள் சுருளா வழிச்சு வைச்சிருக்கு. பக்கத்தில ஒரு கோதுமைக் கதிர், ஒரு குவளை பால். மூலையில, கண்ணுக்கே தெரியாத எழுத்தில, “படம் விளக்கத்துக்கு மட்டும்”.

என்னத்தை விளக்கிறியள்? பட்டர் எண்டால் என்னெண்டு எங்களுக்குத் தெரியாதோ?

எங்கட வீடு வெள்ளவத்தையில, காலி வீதியில இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கிற ஒழுங்கை ஒண்டில. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரத் தேத்தண்ணியோட ஒரு விளையாட்டு இருக்கு. பக்கற்றைக் குசினிக்குள்ளயே உடைச்சு, எது எந்தக் கம்பனியின்ர எண்டு சொல்லாமல் கோப்பையில வைச்சு, ஆளுக்காள் பத்துக்குப் புள்ளி போடுறது. தொடக்கினது என்ர மருமகள். “பேர் தெரிஞ்சால் நாக்கு பொய் சொல்லும் மாமா” எண்டாள். ஏ.எல். படிக்கிற பிள்ளை, பக்கற் எல்லாத்தையும் வெட்டிக் கொப்பியில ஒட்டி வைச்சிருக்கிறாள். பெரியப்பா புறக்கோட்டையில மொத்தக்கடை ஒண்டில கணக்கெழுதினவர், ஆளுக்கு விலை தெரியாமல் வாயில வைக்கவே ஏலாது. அம்மா புள்ளி போடமாட்டா. ஒண்டில் “இது சரி”, இல்லாட்டி “இது மா”. அவவின்ர தீர்ப்பு அவ்வளவுதான், மேன்முறையீடும் இல்லை.

பட்டர் குக்கீஸுக்கு அம்மா சொன்னது: “இது மா.”

நான் இரண்டு போட்டன். அந்த இரண்டும் மணத்துக்கு. பக்கற்றை உடைக்கேக்க வாற மணம் இருக்கே, ஆளை அப்பிடியே இழுக்கும். வாயில வைச்சு ஒருக்காக் கடிச்சால் மணம் போய்ச் சேரும், மிஞ்சிறது சீனியும், மேல் அண்ணத்தில மெழுகாப் படியிற கொழுப்பும்தான். அதைக் கழுவ இன்னொரு பிளேன்ரீ வேணும். இதில எனக்கு வாற ஆத்திரம் என்னெண்டால், குக்கீ எண்ட சாமானுக்கு விலை கூடுறதுக்கு நியாயமே அந்தக் கொழுப்புத்தான். மாரி பிஸ்கட்டுக்கு மாவை நல்லா அடிச்சுப் பிசைஞ்சு, இறுக்கி, மெல்லிசா உருட்டி வெட்டுவினம், கொழுப்புக் கொஞ்சம் போதும். குக்கீக்கு அப்பிடி இல்லை. மா இறுகக் கூடாது, கடிச்ச உடன உதிர வேணும், அதுக்குக் கொழுப்பை அள்ளிப் போட வேணும். அந்தக் கொழுப்புப் பட்டராய் இருந்தால் விலை கூடத்தான் செய்யும், நான் சத்தம் போடாமல் குடுப்பன். மரக்கறிக் கொழுப்பு எண்ட பேரில பாம் எண்ணெயைப் போட்டிட்டுப் பட்டரின்ர விலையைக் கேட்டால் விசர் பிடிக்காதோ? 2021 ஏப்ரலில பாம் எண்ணெய் இறக்குமதியை அரசாங்கம் தடை செய்தது ஞாபகமிருக்கோ? எங்கட பிஸ்கட் எல்லாம் எதில நிக்குது எண்டு அப்ப ஊருக்கே வெளிச்சமாப் போச்சு. அதுக்குப் பிறகும் பக்கற்றில பால் மாடு படம்.

சரி, சொக்லட் சிப் பக்கம் வாங்கோ.

1930களில அமெரிக்காவில, மசாசூசெட்ஸில, ரூத் வேக்ஃபீல்ட் எண்ட அம்மா தன்ர விடுதிக் குசினியில சொக்லட் கட்டியை உடைச்சு மாவுக்குள்ள போட்டுச் சுட்டதில இருந்து வந்த சாமான் இது. சொக்லட்டை உடைச்சுப் போட்டவ. எங்கட பக்கற்றுக்குள்ள கிடக்கிற அந்தக் கறுப்புப் பொட்டுகள் சொக்லட் இல்லை. பின்பக்கத்தைப் பாருங்கோ, சொக்லட் சுவை, கொக்கோத் தூள், மரக்கறிக் கொழுப்பு எண்டு இருக்கும். கொக்கோ பட்டரை, அதாவது கொக்கோ விதையில இருக்கிற கொழுப்பை, எடுத்திட்டு மலிவுக் கொழுப்பை வைச்சால் அது நாக்கில கரையாது, பல்லில மாட்டும். மருமகள் ஒரு சிப்பைக் கிண்டி எடுத்து உள்ளங்கையில பொத்திக் கொண்டு இருந்தாள். தேத்தண்ணி குடிச்சு முடிஞ்சுது, சிப் அசையேல்ல. அந்தக் குக்கீஸுக்கு அவள் போட்ட புள்ளி அரை. “அரை எதுக்கடி?” எண்டு கேக்க, “அரிசியில கல்லை எடுத்த மாதிரிச் சிப்பை எடுக்கலாம், குக்கீயும் வட்டமா இருக்கு” எண்டாள்.

இதுக்குக் கம்பனிக்காரர் சொல்லக்கூடிய நியாயம் ஒண்டு இருக்கு, அதை நானே சொல்லுறன். கொக்கோ பட்டர் எங்கட உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழயே இளகத் தொடங்கும். கொழும்பு மத்தியான வெயிலில, லொறிக்குள்ள, குளிர்பெட்டி இல்லாத கடைத் தட்டில, உண்மையான சொக்லட் வழிஞ்சு பக்கற்றோட ஒட்டிப் போகும். விளங்குது. இந்த வெக்கைக்கு அந்தச் சாமான் சரிவராது. அப்ப ஏனப்பா படத்தில சொக்லட் உருகி ஆறா ஓடுது? உருகாத சாமானை விக்கிறதுக்கு உருகிற படம்!

கிரீம் பிஸ்கட்டைப் பற்றிக் கனக்கக் கதைச்சு என்ர இரத்த அழுத்தத்தைக் கூட்ட விருப்பமில்லை. படத்தில நாலு பக்கத்தாலயும் பிதுங்குது. பிரிச்சால் நெத்தியில வைச்ச பொட்டு மாதிரி நடுவில ஒரு வட்டம், விளிம்பு முழுக்க வெறும் பிஸ்கட். சின்ன வயதில பிரிச்சு, கிரீமைப் பல்லால சுரண்டித் திண்டனாங்கள் எல்லாரும்தானே? இப்பத்தைப் பிள்ளையள் பிரிக்கிறதே இல்லை, ஏனெண்டால் பிரிச்சுப் பாக்க உள்ள ஒண்டும் இல்லை.

அடுத்தது தட்டு. அந்தப் பிளாஸ்ரிக் தட்டைக் கண்டுபிடிச்ச மனுசனை எனக்கு ஒருக்காக் காணவேணும். பக்கற்றின்ர நீளம் பழைய நீளம்தான், அகலமும் அதுதான். உள்ள தட்டில பள்ளம் பள்ளமா வைச்சு, பள்ளத்துக்குப் பள்ளம் இடைவெளி விட்டு, ஒவ்வொரு குக்கீயும் தனித்தனிக் காணியில குடியிருக்கு. கொழும்பில ஆளுக்கு அவ்வளவு இடம் இல்லை, பிஸ்கட்டுக்கு இருக்கு. கிராம் கணக்கு மட்டும் ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கிக் கொண்டே போகுது. கடைக்கார அண்ணையைக் கேட்டால், “தம்பி, விலையை ஏத்தினால் வாங்க மாட்டியள், அதுதான் நிறையைக் குறைச்சிருக்கினம்” எண்டு எனக்கே புத்தி சொல்லுறார். அவரில பிழை இல்லை. அவர் கடையை வைச்சிருக்கிறார், கம்பனியை வைச்சிருக்கேல்ல.

“2022ஐ மறந்திட்டியோ?” எண்டு பெரியப்பா கேப்பார். எப்பிடி மறக்கிறது? அந்த வருஷம் செப்டெம்பரில கொழும்பின்ர உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். மாவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில நிண்ட சனம் நாங்கள். அப்ப பக்கற் சுருங்கினதுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லேல்ல. டொலர் 360 ரூபாக்குக் கிட்டப் போகேக்க யார்தான் என்ன செய்யிறது? ஆனா டொலர் பேந்து இறங்கி வந்துதே, 300ஐச் சுத்தி நிண்டுதே, அப்ப சுருங்கின பக்கற் ஏன் பழையபடி வளரேல்ல? ஏறினதுக்கு மட்டும் காரணம் சொல்லுவினம், இறங்கினதுக்கு வாயைத் திறக்க மாட்டினம். 2024 சனவரியில வற் வரி 18 சதவீதமாப் போன உடன கடையில விலை மாறிச்சுது. அந்த வேகத்தில ஒருக்கால் எண்டாலும் கீழ வந்ததைக் கண்டியளோ?

இவ்வளவு கத்தினதால நான் பிஸ்கட்டுக்கு எதிரி எண்டு நினைச்சுப் போடாதேங்கோ. கண்ணைக் கட்டித் தின்னக் குடுத்தால் எங்கட வீட்டில எப்பவும் மேல வாறது மலிவுச் சாமான்தான். லெமன் பஃப் ஒன்பது. என்ன நாடகம் போட்டாலும் லெமன் பஃப்புக்கு நிகர் இல்லை. மேல சீனி மினுக்கம், அடுக்கடுக்காப் பொரிஞ்ச பிஸ்கட், நடுவில புளிக்கிற கிரீம், தின்னேக்க சட்டை முழுக்க உதிரும், உதிரட்டும். இஞ்சி பிஸ்கட் எட்டரை. அது இஞ்சி எண்டால் இஞ்சிதான், தொண்டையில போய்ச் சுடும். கிரீம் கிராக்கருக்குப் புள்ளி போடுறதே அவமரியாதை எண்டு பெரியப்பா சொல்லுவார். மாஜரின் பூசிச் சீனி தூவினால் காலமைச் சாப்பாடு, கட்டைச் சம்பலோட எண்டால் இராச் சாப்பாடு, செத்தவீட்டில பிளேன்ரீயோட தட்டில வாறதும் அதுதான்.

மாரிக்கு ஏழு. தனியத் திண்டால் ஆறு, தேத்தண்ணியில தோய்ச்சால் எட்டு, அதுதான் சராசரி. இதின்ர சரித்திரம் வலு பகிடி. 1874இல ரஷ்ய இளவரசி மரியாவுக்கும் விக்டோரியா மகாராணியின்ர மகன் அல்பிரட்டுக்கும் கலியாணம் நடக்கேக்க, லண்டனில பீக் ஃபிரீன் கம்பனி அந்தப் பெண்ணின்ர பேரில போட்ட பிஸ்கட் இது. மாப்பிள்ளை அதுக்கு நாலு வருஷத்துக்கு முதல், 1870இல, இலங்கைக்கு வந்து யானை வேட்டையாடிப் போட்டுப் போனவர். அவர் போய்ச் சேர்ந்தார், அவரின்ர மனுசியின்ர பேர் எங்கட தேத்தண்ணிக் கோப்பைக்குள்ள நிக்குது. அரச குடும்பத்துக் கலியாணத்துக்கு வந்த சாமான், இண்டைக்கு வரைக்கும் ஒரு வேஷமும் போடேல்ல. பக்கற்றிலயும் வட்டப் பிஸ்கட் படம், உள்ளயும் வட்டப் பிஸ்கட். ஆவி போக ஓட்டை குத்தியிருக்கிறது கூடப் படத்திலயும் பிஸ்கட்டிலயும் ஒண்டுதான். பாலில தோய்ச்சு, பட்டரும் ஐசிங் சீனியும் கொக்கோவும் அடிச்சு அடுக்கினால் பிஸ்கட் புடிங். கவனியுங்கோ, அதில உண்மையான பட்டர் இருக்கு, ஏனெண்டால் போடுறது அம்மா.

இந்த நாட்டில பிஸ்கட் போடத் தெரியாது எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது. இரத்மலானை மலிபன் 1954இல இருந்து போடுது, பன்னிப்பிட்டியில மஞ்சி 1968இல இருந்து போடுது, வெளிநாட்டில இருக்கிற எங்கட சனம் தமிழ்க் கடை தேடிப் போய் வாங்கித் தின்னுது. கைப்பக்குவம் இருக்கு. இல்லாதது, கண்டறியாத குக்கீ மோகம் வந்த பிறகு அலுமாரி அலுமாரியாக் குவிஞ்சு கிடக்கிற உள்ளூர், வெளியூர்ப் பக்கற்றுகளில, முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில ஒரு துளி வெக்கம்.

நான் கேக்கிறது பெரிய விஷயம் இல்லை. சீனி எவ்வளவு எண்டு சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறத்தில முன்னால போடவேணும் எண்ட சட்டம் இந்த நாட்டில குளிர்பானத்துக்கு 2016இலயே வந்தது, பிறகு பிஸ்கட்டுக்கும் வந்தது. வானம் இடிஞ்சு விழேல்ல, ஒரு கம்பனியும் மூடேல்ல. அதே மாதிரி, முன்பக்கத்தில பட்டர் படம் போடுறவர் பட்டர் எத்தினை சதவீதம் எண்டு அந்தப் படத்துக்குப் பக்கத்திலயே, அதே அளவு எழுத்தில போடட்டும். சொக்லட் படம் போடுறவர் கொக்கோ எவ்வளவு எண்டு போடட்டும். கிராம் குறைச்சால், “நிறை குறைக்கப்பட்டது” எண்டு ஆறு மாதத்துக்காவது முன்னால ஒட்டட்டும். “புதிய சுவை”, “இன்னும் மொறுமொறுப்பு” எண்டு ஒட்ட இடம் இருக்குதானே, இதுக்கும் இடம் இருக்கும்.

“ஒரு பிஸ்கட்டுக்கு இவ்வளவு கத்துறியே” எண்டு கேக்கிற ஆள் ஒண்டு கட்டாயம் வரும். அந்த ஆள் தயவுசெய்து ஒரு பட்டர் குக்கீஸ் பக்கற் வாங்கிக் கொண்டு, காசு தன்ர பையில இருந்து குடுத்து, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கட வீட்டுக்கு வரட்டும். தேத்தண்ணி நான் போடுறன். புள்ளியை அம்மா சொல்லுவா.