பாதை தேடுவது பிரிட்ஜ் அல்ல
டோக்கன் ரிங் (கணினிகளை வளையமாக இணைக்கும் பழைய நெட்வொர்க் முறை) சோர்ஸ் ரூட்டிங்கில், ரிங்குகளை இணைக்கும் பிரிட்ஜ் என்ற கருவியே பாதையைக் கண்டுபிடிக்கும் என்று ஒரு கட்டுரையில் வருகிறது. இல்லைங்க. அனுப்பும் கணினிதான் எக்ஸ்ப்ளோரர் ஃபிரேம் (வழி தேடும் தரவுப் பொட்டலம்) விட்டு வழி தேடி, ரிங் எண், பிரிட்ஜ் எண் என வரிசையாக ஃபிரேமிலேயே எழுதிவிடும். தன் எண்கள் அதில் இருக்கின்றனவா என்று பிரிட்ஜ் பார்க்கும், இருந்தால் ஃபிரேமை அடுத்த ரிங்குக்குக் கடத்தும், அவ்வளவுதான்.

அதனால் கான்ஃபிகரேஷனில் எண்கள்தான் உயிர். ரிங்குக்கு 12 பிட், பிரிட்ஜுக்கு 4 பிட். ஒரு ரிங்கில் இருக்கும் எல்லா பிரிட்ஜிலும் அந்த ரிங்குக்கு ஒரே எண்தான் தர வேண்டும். அதே இரண்டு ரிங்குகளை இன்னொரு பிரிட்ஜும் இணைத்தால், அதன் பிரிட்ஜ் எண் வேறாக இருக்க வேண்டும். அப்புறம், சிஸ்கோ ரூட்டரில் இரண்டு டோக்கன் ரிங் போர்ட்டுக்கு மேல் போனால் ரிங் குரூப் என்ற கற்பனை ரிங் தேவை. கட்டுரை அதைத் தொடவே இல்லை. ஐபிஎம் ஆவணங்களில் ரிங் எண் பெரும்பாலும் ஹெக்ஸில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறை) இருக்கும். சிஸ்கோவில் சாதாரண பத்தடிமான எண்தான். அங்கே 10 என்றால் சிஸ்கோவில் 16 என்று அடிக்க வேண்டும்.