ஒரு ஓசி மெயில் ஐடிக்கு இத்தனை அக்கப்போரா?

"இலவசம். விளம்பரம் கிடையாது. முப்பதே நொடியில் கணக்கு ரெடி." புது மெயில் சர்வீஸ் ஒண்ணுக்கு இந்த மூணு வரியை எழுதின மகராசன் கையில கிடைச்சா, தருமபுரி நாலு ரோட்டுல மத்தியான வெயில்ல செருப்பில்லாம நிக்க வெச்சு, அவன் சர்வீஸ்லயே அவனை ஒரு கணக்கு தொடங்கச் சொல்லணும். முப்பது நொடியாம்!

பழைய பெட்டி 15 ஜிபியும் ரொம்பி சிவப்புக் கோடு காட்டுதேன்னுதானே புதுசைத் தேடறோம். போனா முதல் கட்டத்துலயே மூக்குடைப்பு. முதல் பெயர், கடைசிப் பெயர், ரெண்டும் கட்டாயம். நம்மாளுக்குக் கடைசிப் பெயர் ஏதுய்யா? அப்பன் பேரோட ஒத்தை எழுத்துதான் இருக்கு. அதைப் போட்டா "குறைந்தது இரண்டு எழுத்து தேவை". பக்கத்துல புள்ளி வெச்சா "எழுத்துகள் மட்டுமே அனுமதி". கடைசியில முருகேசன் முருகேசன்னு ரெண்டு தடவை அடிச்சுத் தொலைக்கணும். இனி எவனுக்கு மெயில் போட்டாலும் கிணத்துக்குள்ள கத்தின மாதிரி ரெண்டு முருகேசன் போய் நிப்பான்.

பாஸ்வேர்டுக்குப் பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் வேணுமாம். இந்த மசாலாக் கலவையைக் கட்டாயப்படுத்தாதீங்க, நீளமா இருந்தாப் போதும்னு அமெரிக்காவோட தர நிர்ணய அமைப்பு என்.ஐ.எஸ்.டி. 2017-லயே சொல்லியாச்சு. இவங்க காதுக்கு இன்னும் எட்டலை.

அடுத்து, நீ ரோபோவான்னு ஒரு விசாரணை. தீயணைப்புக் குழாய் இருக்கற படத்தையெல்லாம் தொடு. ரோட்டோரத்துல குள்ளமாச் செவப்பா நிக்கற அந்தக் குழாயைப் பென்னாகரத்துல எவன் பாத்திருக்கான்? இங்க குழாய்னா காலிக் குடம் வரிசை கட்டி நிக்கறது. எப்படியோ தேத்தினா, "உங்கள் ஐ.பி. முகவரியில் இருந்து ஏற்கெனவே அதிகக் கணக்குகள் தொடங்கப்பட்டுள்ளன." அடேய், ஐ.பி. முகவரின்னா நெட்டுல நம்ம இணைப்புக்குக் குடுக்கற எண். மொபைல் டேட்டாவுல அந்த ஒரே எண்ணை ஊருப்பட்ட பேருக்குப் பங்கு போட்டுத்தான் கம்பெனிக்காரன் குடுக்கறான். எவனோ நாலு பேரு கணக்கு தொடங்கினதுக்கு நம்ம தலையில குட்டு. ஏரோபிளேன் மோடை ஒரு நிமிஷம் போட்டு எடுத்தா சில சமயம் வேற முகவரி விழும். இல்லைன்னா பக்கத்து ஜெராக்ஸ் கடை வைஃபைக்குக் கும்பிடு போடணும்.

இப்ப வருது பாருங்க, ஓ.டி.பி. இதை மட்டும் நிறுத்தி நிதானமாச் சொல்லணும், அப்பதான் வயித்தெரிச்சல் அடங்கும்.

நம்பரை அடிச்சாச்சு. 60-ல இருந்து எண் இறங்குது. 40. 20. 5. மெசேஜ் இல்லை. அனுப்பறவன் வெளிநாட்டுக்காரன், எங்கெங்கயோ சுத்திக்கிட்டு வர்ற எஸ்.எம்.எஸ். அது. உள்ளூர் பேங்கு ஓ.டி.பி. மாதிரி பொத்துனு வந்து விழாது. அஞ்செட்டிப் பக்கம்னா டவரும் சேந்து கண்ணாமூச்சி ஆடும். 0 ஆச்சு, "மீண்டும் அனுப்பு" பொத்தான் கண் சிமிட்டுது. அமுக்கறோம். அமுக்கின அடுத்த நொடி டிங்! வந்தது முதல் ஓ.டி.பி. ஆறு எண்ணையும் ஆசையா அடிச்சா, "தவறான குறியீடு". தவறா? நீ அனுப்பினதுதானேடா அது! விஷயம் என்னன்னா, ரெண்டாவதைக் கேட்ட கணமே முதல் ஓ.டி.பி. செத்துடும். நம்ம கைக்கு வந்தது பொணம். சரின்னு ரெண்டாவதுக்குக் காத்திருந்தா, மறுபடி 60, 40, 20, 0. கை சும்மா இருக்குமா? அமுக்கிடுது. டிங்! இப்ப ரெண்டாவது பொணம். இப்படியே ஒவ்வொரு தடவையும் ஒரு ஓ.டி.பி. பின்னால ஓடிக்கிட்டே இருந்து, கடைசியில "பல முறை முயன்றுவிட்டீர்கள், 24 மணி நேரம் கழித்து வரவும்". தாலுகா ஆபீஸ்ல கூட நாளைக்கு வான்னு சொல்றதுக்கு முன்னாடி மூஞ்சியைப் பாப்பாங்க.

அந்தப் பொத்தானைத் தொடாதீங்க. எண் 0 ஆனாலும் அஞ்சு நிமிஷம் கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க, அதே குறியீடு பெரும்பாலும் பத்து நிமிஷம் உசுரோட இருக்கும். இதை அந்தப் பக்கத்துல ஒரு வரி எழுதி வெச்சா குடியா முழுகிடும்? ஓசூர் தாண்டி ஜுஜுவாடி எல்லையில கால் வெச்சா, கர்நாடகா உங்களை வரவேற்குதுன்னு மெசேஜ் மட்டும் பறந்து வருதே, அது எந்த டவர்ல வருதாம்?

மறுநாள் உள்ள போனா, "மீட்புக்காக வேறொரு மெயில் முகவரி தரவும்". மெயில் ஐடி இல்லாதவனுக்கு மெயில் ஐடி குடுக்க மெயில் ஐடி கேக்கறான். 1996-ல ஹாட்மெயில் வந்தப்ப 2 எம்பி இடம்தான், ஆனா போன் நம்பர் கேட்டு உசுரை வாங்கலை.

உள்ள போயாச்சுல்ல, அனுப்பு பாப்போம். பட்டா, வில்லங்கம் எல்லாம் ஸ்கேன் பண்ண 15 எம்பி பி.டி.எஃப். இணைப்பு வரம்பு 20 எம்பின்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். 98 சதவீதம் வரைக்கும் ஏத்திட்டு "கோப்பு மிகப் பெரியது". மெயில்ல இணைப்பு அப்படியே போகாது, பேஸ்64-னு எழுத்தா மாத்தித்தான் போகும். மூணு பைட்டு நாலு எழுத்தா வீங்கும், வரி முறிவும் சேந்து 15 எம்பி 20-ஐத் தாண்டிடும். அந்த 20 வீங்கின கணக்கு, நம்ம கோப்புக்கு 14 எம்பிதான். முதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா, கலர்ல 600 டிபிஐ ஸ்கேனை 200 டிபிஐ கறுப்பு வெள்ளையா மாத்திட்டு வந்திருப்போமே.

போனதும் போய்ச் சேந்ததா? ஸ்பேம்ல கிடக்கு. அனுப்பறது அசல் ஆளுதான்னு காட்டற எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். முத்திரை எல்லாம் சரியா இருந்தாலும், புது டொமைனை, அதான் @-க்குப் பின்னால வர்ற பேரை, எவனும் நம்ப மாட்டான். "ஸ்பேமைப் பாருங்கண்ணா"ன்னு போன் போட்டுச் சொல்லணும். போன்ல சொல்றதுக்கு மெயில் எதுக்கு?

கம்ப்யூட்டர்ல மெயில் பாக்கற தண்டர்பேர்டு செயலியில போட்டுக்கலாம்னு, மெயிலை வாங்கற ஐமேப்புக்கு 993, அனுப்பற எஸ்.எம்.டி.பி.க்கு 587-னு வாசல் எண் எல்லாம் சரியாக் குடுத்தா உள்ள விடாது. உதவிப் பக்கத்தோட அடியில பொடி எழுத்துல, "ஐமேப் வசதி கட்டணத் திட்டத்தில் மட்டும்". இலவசக் கல்யாணச் சாப்பாடு, இலைக்கு மட்டும் காசு.

சரி விடுங்க, காத்திருக்கறது நமக்கென்ன புதுசா? மொரப்பூர்–தருமபுரி ரயிலை 1941-ல நிறுத்தினாங்க, திரும்பப் பாதை போட அடிக்கல் நட்டது 2019-ல. கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயிலே கிடையாது, மாவட்டத் தலைநகராம். அந்த ஊர்க்காரங்க "மீண்டும் அனுப்பு" பொத்தானை அமுக்கினாங்களோ என்னமோ.