அக்கா மகளை எங்கே சேர்ப்பது?

மன்னார்குடியில் அக்கா வீட்டில் இப்போது இதே பேச்சுதான். மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். சமய அறக்கட்டளை ஒன்று நடத்தும் தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்க்க வேண்டும் என்கிறார் அத்தான். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம்தான் சரி என்பது என் கட்சி. இதே யோசனையில் இருக்கும் டெல்டா பெற்றோர் பலர் என் நட்பு வட்டத்தில் இருப்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

மத நிறுவனங்கள் மீது எனக்குக் காழ்ப்பு கிடையாது. திருச்சி தூய வளனார் கல்லூரி 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கியது. ராமேஸ்வரத்துப் பிள்ளை அப்துல் கலாம் அங்கேதான் இயற்பியல் படித்தார். ஜமால் முகமது கல்லூரி 1951இல் வந்தது. இரண்டிலும் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் படித்து, எத்தனையோ குடும்பங்கள் தலையெடுத்திருக்கின்றன. ஆனால் அவை அரசு உதவி பெறும் கல்லூரிகள். பட்டம் பாரதிதாசன் பல்கலைக்கழகத்துடையது. உதவி பெறும் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருவதால் கட்டணம் ஏழைக்கும் எட்டுகிறது. அதே கல்லூரியில், மாணவர் கட்டணத்திலேயே நடக்கும் சுயநிதிப் பிரிவுக்குப் போனாலே கணக்கு மாறிவிடும். அத்தான் பார்த்து வைத்திருப்பதோ முழுக்கச் சுயநிதியில் ஓடும் இடம்.

அதன் விளக்கக் கையேட்டைப் புரட்டினேன். வழவழப்பான தாள். முதல் பக்கங்களில் பிரார்த்தனை மண்டபமும் மலர்த் தோட்டமும். கட்டண விவரம் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில்: விடுதி, உணவு, சீருடை, அதற்குக் கீழே 'இதர கட்டணம்'. முதல் தவணை ஜூன் மாதம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. விதைநெல், உழவு, நடவுக் கூலி என்று குறுவைக்குக் கையில் பணம் வேண்டிய மாதமும் அதுதான். கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்தாலும் இரண்டில் ஒன்றைத்தான் சமாளிக்க முடியும். கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத வருடத்தில் அடுத்த தவணைக்கு அத்தான் எங்கே போவார்?

"அங்கே ஒழுக்கம் இருக்கும், பெண் பிள்ளைக்குப் பாதுகாப்பு" என்கிறார். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ராஜகோபாலசுவாமி கோயில் மணியோசை கேட்டு வளர்ந்த பெண் அவள். அவளுக்கு வழிபாட்டை வருகைப் பதிவேடு வைத்தா சொல்லித்தர வேண்டும்?

அவள் கேட்பது விலங்கியல். அந்தக் கையேட்டில் அந்தப் பாடமே இல்லை. கணினியும் வணிகவியலும்தான் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அண்ணாமலையிலோ, வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியலுக்கென்றே தனி மையம் இருக்கிறது. பிச்சாவரம் அலையாத்திக் காடு பக்கத்திலேயே. பட்டம் முடித்து மேலே படிக்க நினைத்தால் இதைவிட வேறென்ன வேண்டும்? 1929இல் தனியார் கொடையில் எழுந்த பல்கலைக்கழகம் அது. 2013இல் அரசு ஏற்றுக்கொண்டது.

குறைகளும் உண்டு. நம் அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் பணியிடங்கள் காலியாகவே கிடக்கின்றன. கௌரவ விரிவுரையாளர்கள் சொற்பச் சம்பளத்தில் வகுப்பெடுக்கிறார்கள். இது எனக்கு ஆத்திரம் தருகிறது. ஆனால் அங்கே நம் வீட்டுப் பிள்ளைகள் குறைந்தால், அதைத் தட்டிக் கேட்பதற்கும் ஆள் இருக்காது.

எந்த இடமானாலும், முன்பணம் கட்டுவதற்கு முன் மூன்று வருடத்துக்குமான மொத்தக் கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். சரிபார்த்ததும் திருப்பித் தர வேண்டும், நிறுவனம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி.