வைப்பர்ஸ் பெண்கள் எதையும் களவாக வெல்லவில்லை

சனிக்கிழமை எங்கள் பிள்ளைகளின் பரிசளிப்பு விழா மேடையில் ஒரு அண்ணா வைப்பர்ஸை இழுத்துப் பேசியதை எழுதக்கூடாது என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். வைப்பர்ஸ் என்பது நோர்வேயின் கிறிஸ்தியான்சாண்ட் நகரத்துப் பெண்கள் ஹான்ட்போல் கழகம்; ஐரோப்பியக் கழகங்களின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக்கை மூன்று தரம் வென்று, பிறகு கடனில் வங்குரோத்தாகி மூடப்பட்டது. மண்டபத்தில் இருந்தவர்களுக்கு நடந்தது தெரியும். வராதவர்களுக்கும் அதற்குள் வட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். ஆனால் நேற்று இரவு சாப்பாட்டு மேசையில் மகள் கேட்ட கேள்விக்குப் பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"அம்மா, வைப்பர்ஸ் களவாய்த்தான் வெண்டவையோ?"

பன்னிரண்டு வயதுப் பிள்ளை. தன் ஹான்ட்போல் அணியில் கோல் காப்பாளர். சின்னப் பிள்ளைகளின் கையில் கிண்ணத்தைக் கொடுத்துக்கொண்டே, "வைப்பர்ஸ் மாதிரிக் கடன் வாங்கிக் கப் எடுக்கிற ஆக்களாய் வராதேங்கோ" என்று ஒலிவாங்கியில் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு வேறு என்ன விளங்கும்? சபை சிரித்தது. இவள் முன்வரிசையில் வைப்பர்ஸ் ஸ்கார்ஃபைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு இருந்தாள். அதைக் கழற்றி மடித்து மடியில் வைத்ததை நான் பார்த்தேன்.

இல்லை. அவர்கள் களவாக வெல்லவில்லை. மகளுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஒரு சொல்: உங்களுக்குக் கைப்பந்து என்றால் வாலிபால். நான் சொல்வது ஹான்ட்போல். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். கோலுக்கு முன்னால் ஆறு மீற்றரில் ஒரு வளைகோடு. அதற்குள் கோல் காப்பாளரைத் தவிர வேறு யாரும் கால் வைக்கக்கூடாது. அதனால் கோட்டுக்கு வெளியே இருந்து பாய்ந்து, கால் நிலத்தில் படுவதற்குள் எறிய வேண்டும். நோர்வேயில் இந்த ஆட்டத்தின் பெரிய பெயர்கள் பெரும்பாலும் பெண்கள்தான்.

கிறிஸ்தியான்சாண்ட் நோர்வேயின் தெற்குக் கரையில் ஒரு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட சனம் வாழும் நகரம். வைப்பர்ஸ் ஒரு காலத்தில் வோக் வைப்பர்ஸ் என்ற பெயரில் விளையாடிய கழகம். அப்போது நோர்வேயில் பெண்கள் ஹான்ட்போல் என்றால் லார்விக் கழகம் மட்டும்தான். 2005 முதல் 2017 வரை பதின்மூன்று வருடம் தொடர்ந்து லீக் பட்டம் அவர்களுக்கே. 2011இல் ஸ்பெயினின் இட்சாக்கோவை வென்று, சாம்பியன்ஸ் லீக்கை எடுத்த முதல் நோர்வேக் கழகமும் லார்விக்தான். அந்தக் கோட்டையை 2018இல் உடைத்தது வைப்பர்ஸ். அதன் பிறகு 2024 வரை ஏழு வருடம் லீக் பட்டம் கிறிஸ்தியான்சாண்டை விட்டுப் போகவில்லை.

அப்புறம் ஹங்கேரியின் பூடாபெஸ்ட். சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் மூன்று வருடமும் அங்கேதான். 2021இல் பிரான்சின் பிரெஸ்டை 34-28. 2022இல் ஹங்கேரியின் ஜியோரை 33-31. 2023இல் ஃபெரென்ட்ஸ்வாரோஷை 28-24. இந்தக் கடைசியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஃபெரென்ட்ஸ்வாரோஷ் பூடாபெஸ்ட் நகரத்துக் கழகம். இருபதாயிரம் பேர் கொள்ளும் அரங்கில், எதிரணியின் சொந்த ஊரில், அந்த ஊர்ச் சனத்தின் கூச்சலுக்கு நடுவே போய் வென்று வந்தார்கள். கோலுக்குள் நின்றது காட்ரின் லுண்ட, இதே கிறிஸ்தியான்சாண்டில் பிறந்த பெண். அப்போது அவருக்கு வயது 43. இதில் எந்தப் பந்தை வங்கி தடுத்தது? எந்தக் கோலைக் கடன் போட்டது?

2021 அணியில் நோர்வேயின் பெரிய வீராங்கனைகளான ஹைடி லோக்கெ, நோரா மோர்க், ஹென்னி ரைஸ்தாட் எல்லாரும் இருந்தார்கள். மோர்க்கின் முழங்காலில் எத்தனை முறை கத்தி வைத்திருக்கிறார்கள் என்று இந்த நாட்டில் ஹான்ட்போல் பார்க்கிற யாரிடமும் கேளுங்கள். அந்தக் காலோடு அந்தப் பெண் திரும்பத் திரும்ப எழும்பி வந்து பாய்ந்திருக்கிறாள். அதையும் கணக்கில் எழுதுங்கள் அண்ணா.

சரி, வங்குரோத்து. நடந்தது. நான் மறைக்கவில்லை. 2024 அக்டோபரில் மூடப் போகிறோம் என்றார்கள். கடைசி நேரத்தில் காப்பாற்றினார்கள். 2025 ஜனவரியில் எல்லாம் முடிந்தது. பருவத்தின் நடுவில், சாம்பியன்ஸ் லீக்கில் விளையாடிக்கொண்டிருந்த அணி இல்லாமல் போனது. வருமானத்துக்கு மேல் செலவழித்தார்கள், அது பிழை. இந்த நாட்டில் ஹான்ட்போல் எப்படி ஓடுகிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதை ஓட்டுகிற அம்மாக்களில் நானும் ஒருத்தி. டுக்னாட் என்பார்கள், நம்முடைய சிரமதானம் மாதிரி. மகளின் அணிக்காக வருடத்துக்கு இரண்டு தரம் கழிப்பறைக் கடதாசிப் பொதிகளைக் காரில் ஏற்றி வீடு வீடாக விற்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபக் கடையில் நின்று வஃபல் சுடுகிறேன். வஃபல் மேல் பழுப்புச் சீஸ் சீவி வைத்து, மடித்து, ஒன்று ஒன்றாக விற்ற காசில்தான் பிள்ளைகளுக்குப் பந்து வருகிறது. அப்படிச் சேர்க்கிற காசின் அருமை தெரிந்தவளுக்கு, கழக நிர்வாக மேசையில் இருந்தவர்கள் கணக்குப் பார்க்காமல் விட்டது வலிக்காதா? உங்களை விட எனக்குக் கூட வலித்தது.

ஆனால் மேசையில் இருந்தவர்கள் வேறு, களத்தில் நின்றவர்கள் வேறு. இந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

"கையில் இல்லாத காசில் நல்ல ஆட்டக்காரரை வைத்திருந்தால், ஒழுங்காகக் கணக்குப் பார்த்த மற்றக் கழகங்களுக்கு அநியாயம் இல்லையா?" என்று ஒரு தம்பி உள்பெட்டியில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. லீக்கில் வைப்பர்ஸோடு மோதிய ஸ்டோர்ஹாமர் கழகப் பெண்களின் இடத்தில் இருந்து பார்த்தால் எனக்கும் மனம் ஒரு மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் தம்பி, அந்தக் கேள்வியைக் கழக நிர்வாகத்திடம் கேளுங்கள், சம்மேளனத்திடம் கேளுங்கள். சம்பளம் வரும் என்று நம்பிக் கையெழுத்து வைத்து, ஜனவரிக் குளிரில் வேலை இல்லாமல் நின்ற பெண்ணிடம் கேட்காதீர்கள். அவளும் ஏமாற்றப்பட்டவள்தான்.

இன்னொன்று. ஜெர்மனியில் ஹம்பர்க் ஆண்கள் அணி 2013இல் பார்சலோனாவை வென்று சாம்பியன்ஸ் லீக்கை எடுத்தது. 2016 ஜனவரியில், இதே மாதிரிப் பருவத்தின் நடுவில், வங்குரோத்தாகி லீக்கை விட்டுப் போனது. அந்த ஆண்களை யாராவது கள்ளர் என்று சொன்னதை நான் கேட்டதில்லை. "பாவம், நல்ல அணி, நிர்வாகம் கெடுத்துவிட்டது" என்றுதான் சொன்னார்கள். பெண்கள் என்றவுடன் மட்டும் வென்ற கிண்ணத்தையே பிடுங்க வேண்டும் போல ஏன் இருக்கிறது?

இதைச் சொன்னால், "எல்லாத்துக்கும் ஆம்பிளை பொம்பிளைக் கதை கொண்டு வாறீங்கள்" என்பார்கள். கொண்டு வரத்தான் போகிறேன். ஆறு வருடமாக ஹான்ட்போல் மண்டபங்களின் மரவாங்கில் இருக்கிறேன். மகனின் கால்பந்து ஆட்டத்துக்கு மழையில் குடை பிடித்துக்கொண்டு நிற்கிற நம்முடைய அப்பாமாரில் எத்தனை பேரை மகளின் ஆட்டத்தில் கண்டிருக்கிறேன் தெரியுமா? ஒரு கை விரல் மிச்சம். பெட்டைப் பிள்ளை பதினான்கு வயதானதும் "படிப்பைப் பார்" என்று பையைத் தூக்கி மேலே வைக்கிற வீடுகள் எத்தனை? அப்படி நிறுத்தப்பட்ட ஒரு பிள்ளையின் அம்மா என்னிடம் அழுதிருக்கிறார். அந்த மேடையில் இருந்து வந்த பேச்சு இந்தப் பிள்ளைகளின் காதிலும்தான் விழுந்தது.

மகளை முதல் தரம் வைப்பர்ஸின் சொந்த மண்டபமான அக்குவாராமாவுக்குக் கூட்டிக்கொண்டு போன நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஆட்டம் முடிந்து பிள்ளைகள் எல்லாம் வேலியோரம் ஓடினார்கள். ஒரு வீராங்கனை, வியர்வை சொட்டச் சொட்ட, ஒரு பிள்ளையையும் விடாமல் கை கொடுத்துக்கொண்டே வந்தார். பந்து வழுக்காமல் இருக்கப் பூசுகிற பிசின் அவர் விரல்களில் அப்பியிருந்தது. அது மகளின் உள்ளங்கையில் ஒட்டியது. வீடு வரும் வரை அந்தக் கையை மூடியே வைத்திருந்தாள். சவர்க்காரம் போட்டாலும் போகாது, எண்ணெய் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். அன்றிரவு அவள் எடுக்க விடவில்லை.

அந்தக் கையைத்தான் சனிக்கிழமை கள்ளக் கை என்றீர்கள்.

கழகம் போன பிறகும் அந்தப் பெண்கள் ஆட்டத்தை விட்டுப் போகவில்லை. லுண்ட, மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கிய மனுசி, 44 வயதில் டென்மார்க்கின் ஓடென்ஸவுக்குப் போய் விளையாடினார். மூன்று கிண்ணத்துக்கும் பயிற்சியாளராக இருந்த ஊலே குஸ்தாவ் யெக்ஸ்தாட்டை நோர்வேப் பெண்கள் தேசிய அணிக்கே பயிற்சியாளராக எடுத்தார்கள். கள்ளக் கிண்ணம் என்று இந்த நாடு நினைத்திருந்தால் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்குமா?

அண்ணா, உங்களோடு எனக்குப் பகை இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் எவ்வளவோ செய்திருக்கிறீர்கள், நானே அதைப் பல இடத்தில் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நோகிறது. வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு மகளுக்கு ஆட்டம். உங்கள் சின்னவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நான் கடையில் வஃபல் சுட்டுக்கொண்டு நிற்பேன். என்னோடு கதைக்க வேண்டாம். உள்ளே போய், கோலுக்குள் நிற்கிற பிள்ளையிடம் அந்த மூன்று கிண்ணமும் உண்மையானவை என்று சொல்லுங்கள். ஸ்கார்ஃப் இன்னும் மடித்தபடியே அலுமாரிக்குள் இருக்கிறது.