சட்டைப்பைக்குள் போன தீர்மானம்

கட்சிக் கிளையின் ஆண்டுக் கூட்டத்தில் நிறைவேறும் தீர்மானங்கள் வெறும் சடங்கு என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது பாதிதான் சரி. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் நான் பார்த்தவரை, கோளாறு எழுதும்போதே ஆரம்பித்துவிடுகிறது. ‘தோட்ட மக்களின் வீட்டுப் பிரச்சினையை அரசு கவனிக்க வேண்டும்’ என்றால், யார் கவனிப்பது, எப்போது? கைதட்டிவிட்டு மீகூன் (அரிசி சேமியா) சாப்பிடப் போய்விடலாம்.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கென்று 1990லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது, சட்டம் 446. அதைச் சொல்லி, ‘எங்கள் லயத்து வரிசை வீடுகளின் கூரையையும் குடிநீரையும் சோதிக்கும்படி தொழிலாளர் இலாகாவுக்குக் கட்சி எழுத்துமூலம் புகார் தர வேண்டும், மூன்று மாதத்துக்குள் கிளைக்குப் பதில் வர வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள். மேலே கட்சியின் தொகுதிக் குழுவுக்குப் போனாலும் மழுப்புவது கஷ்டம்.

போன வருஷம் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். பக்கத்து லயத்து அக்கா வழிமொழியத் தயாராக இருந்தார். செயலாளர் தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “பிற விஷயங்கள்ல பார்த்துக்கலாம் ஐயா” என்றார். கூட்டத்தின் கடைசி அங்கமான அந்தப் பிற விஷயங்கள் வந்தபோது பின்வரிசையில் நாற்காலி அடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்! கூட்டக் குறிப்பில் என் தீர்மானம் ஒரு வரிகூட இல்லை.

இந்த முறை இரண்டு நகல். கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே ஒன்றைச் செயலாளரிடம் கொடுத்து, இன்னொன்றில் தேதியோடு கையெழுத்து வாங்கிவிட்டேன். வழிமொழிபவர் அதே அக்காதான்.