சென்ற முறை சொன்னதை முதலில் சொல்லுங்கள்

சனிக்கிழமை தருமபுரி மண்டபத்தில், எந்தப் படிப்புக்கு எதிர்காலம் என்று பேசிய கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாட்களாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். முடியவில்லை. காணொளி எல்லாருக்கும் வந்துவிட்டது, எனக்கே ஏழு பேர் அனுப்பினார்கள். அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை, ஒரே ஓர் இடத்தை மட்டும் சொல்கிறேன். வரப்போகும் 2026 முடிவதற்குள் கணினிக்கு நிரல் (புரோகிராம்) எழுதும் வேலை என்று ஒன்று இருக்காது, கணினிப் பிரிவில் பிள்ளையைச் சேர்ப்பது பாழுங்கிணற்றில் பணத்தைக் கொட்டுவதுதான் என்று பேச்சாளர் அடித்துச் சொன்னார். கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "அப்படியென்றால் நான் என்ன படிப்பது சார்?" என்று கேட்டான். "அது உங்கள் ஆர்வத்தைப் பொறுத்தது தம்பி, உட்காருங்கள்" என்றார். மண்டபம் சிரித்தது.

அந்தச் சிரிப்புதான் மூன்று நாட்களாக என் காதில் இருக்கிறது. ஒரு தொழில் எந்த ஆண்டு சாகும் என்று நாள் குறிக்கத் தெரிந்தவருக்கு, எதிரில் நிற்கும் பதினேழு வயதுப் பையன் என்ன படிக்கலாம் என்று சொல்லத் தெரியவில்லை. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவனை ஏன் உட்கார வைக்க வேண்டும்?

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அடுத்த ஆண்டைப் பற்றிப் பேச மேடையேறும் எவரும், சென்ற முறை மேடையேறியபோது என்ன சொன்னார் என்பதை முதலில் சொல்லட்டும். இவர் நம் ஊருக்குப் புதியவர் அல்லர். 2022ஆம் ஆண்டிலும் வந்தார். அன்று கண்ணாடி மாட்டிக்கொண்டு கணினிக்குள் உலவும் மெட்டாவெர்ஸ் உலகம்தான் எதிர்காலம் என்றார், கணக்கை யாரும் திருத்த முடியாதபடி பல கணினிகளில் பதிந்து வைக்கும் பிளாக்செயின் தெரியாதவனுக்கு வேலையே கிடைக்காது என்றார். அதைக் கேட்டு என்னிடம் படித்த இரண்டு பிள்ளைகள் ஆளுக்கு 40,000 ரூபாய் கட்டி ஒரு பயிற்சியில் சேர்ந்தார்கள். ஒருவனுடைய அம்மா கம்மலை அடகு வைத்தார். சான்றிதழ் வந்தது, வேலை வரவில்லை. சனிக்கிழமை இரண்டு மணி நேரம் பேசியவர் மெட்டாவெர்ஸ் என்ற சொல்லை ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை.

அவரை மட்டும் குறை சொல்லவில்லை. இந்த முகநூலை நடத்தும் நிறுவனமே மெட்டாவெர்ஸை நம்பி 2021 அக்டோபரில் மெட்டா என்று பெயரை மாற்றிக்கொண்டது. கார்ட்னர் என்ற பெரிய ஆய்வு நிறுவனம் 2022 பிப்ரவரியில், 2026க்குள் உலகில் நான்கில் ஒருவர் தினமும் ஒரு மணி நேரமாவது மெட்டாவெர்ஸில் இருப்பார் என்று கணித்தது. இதோ 2026 வாசலில் நிற்கிறது. உங்கள் தெருவில் எத்தனை பேர் அங்கே போய் வருகிறார்கள்? 2019இல் ஈலான் மஸ்க், அடுத்த ஆண்டே பத்து லட்சம் ஓட்டுநரில்லா வாடகைக் கார்கள் சாலையில் இருக்கும் என்றார். 2020 வந்தது, போனது.

ஜெஃப்ரி ஹிண்டனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர், 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். 2016இல் அவர், எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பார்த்து நோய் சொல்லும் கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்து ஆண்டுகளில் இயந்திரம் அவர்களை மிஞ்சிவிடும் என்றார். ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த மருத்துவர்கள் இன்னும் போதவில்லை என்றுதான் பல நாடுகள் சொல்கின்றன. ஆனால் அவரிடம் நான் மதிப்பது ஒன்று உண்டு. அன்று பொத்தாம்பொதுவாகப் பேசிவிட்டேன் என்று 2025இல் அவரே ஒப்புக்கொண்டார். நோபல் பரிசு வாங்கியவருக்கு அந்த மனசு இருக்கிறது. நம் மண்டபத்துப் பேச்சாளருக்கு ஏன் இல்லை?

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் நம் போச்சம்பள்ளிக்கே வாருங்கள். 2021இல் அங்கே ஓலா மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை வந்தபோது, ஆண்டுக்கு ஒரு கோடி வண்டி தயாராகும், உலகத்திலேயே பெரியது, பத்தாயிரம் பெண்களுக்கு வேலை என்று அறிவித்தார்கள். தொழிற்சாலை வந்தது, நம் பிள்ளைகள் பலருக்கு அதனால் சம்பளமும் வந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் 2024-25 நிதியாண்டில் அந்த நிறுவனம் விற்ற வண்டிகள் நான்கு லட்சத்தை எட்டவில்லை. ஒரு கோடி எங்கே, நான்கு லட்சம் எங்கே? அந்த ஒரு கோடியை நம்பி, ஆள் நடமாட்டம் பெருகும் என்று சாலையோரத்தில் கடன் வாங்கிக் கடை கட்டிய என் சித்தப்பா மகன் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறான். கணித்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கேட்டவன்தான் கட்டுகிறான்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்த செய்தி இல்லை. 2001இல் நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். கணினிப் பொறியியல் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் இருந்தது. கலந்தாய்வுக்குச் சென்னை போக பஸ்சுக்குப் பணம்கூட எடுத்து வைத்தாயிற்று. அப்போது அமெரிக்காவில் இணைய நிறுவனங்கள் வரிசையாக மூழ்கிக்கொண்டிருந்தன. பெங்களூரில் வேலை பார்த்த தூரத்து உறவுக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "கம்ப்யூட்டர் எல்லாம் முடிந்துவிட்டது மாமா, இனி அதில் ஒன்றும் இல்லை, பெண் பிள்ளையை எதற்கு அவ்வளவு தூரம் அனுப்புகிறீர்கள்?" என்றார். காபி குடித்தார், போய்விட்டார். அவருக்கு அது பத்து நிமிடப் பேச்சு. அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், கணிதம் படி என்றார். படித்தேன். 2004, 2005இல் மென்பொருள் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தன. என்னைவிடக் குறைவான மதிப்பெண் எடுத்த தோழி சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் தன் அம்மாவுக்குப் பட்டுப்புடவை எடுத்துக்கொண்டு வந்தாள். அப்பா சாகும்வரை அதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. அந்த உறவுக்காரர் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் எதிர்காலம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

அதன் பிறகு அஞ்சல் வழியில் கணினிப் பட்டமான எம்.சி.ஏ. படித்து, பாலக்கோட்டில் இந்தக் கணினிப் பயிற்சி மையத்தைத் தொடங்கினேன்.

இதைச் சொன்னவுடன் என்ன எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். "உங்கள் மையத்துக்கு ஆள் வராது என்ற பயத்தில்தானே எழுதுகிறீர்கள்?" இதை ஒருவர் ஏற்கெனவே எழுதிவிட்டார். என்னிடம் பைத்தான் என்ற நிரல் மொழி படிப்பவர்கள் பதினொரு பேர். அவர்களில் நான்கு பேரிடம் நான் கட்டணம் வாங்குவதில்லை. மையத்தின் வாடகையைக் கொடுப்பது கணக்கு எழுதும் டேலி மென்பொருள் படிக்க வரும் கடைக்கணக்குப் பிள்ளைகளும் தட்டச்சு படிக்க வருபவர்களும்தான். நாளைக்கே நிரல் எழுதும் வேலை ஒழிந்தாலும் என் அடுப்பு எரியும். மழைக்காலத்தில் கூரை ஒழுகியபோது கணினிகளைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்துக் காகிதத்தில் எழுதிச் சொல்லிக்கொடுத்தேன். வியாபாரி என்கிறீர்கள். சொல்லுங்கள், ஆனால் வந்து ஒருநாள் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வி: "டிசிஎஸ் என்ற பெரிய மென்பொருள் நிறுவனம் 2025 ஜூலையில் பன்னிரண்டாயிரம் பேரை நீக்குவதாக அறிவித்தது பொய்யா?" உண்மைதான். அது அவர்களுடைய மொத்த ஆட்களில் இரண்டு சதவீதம், பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலைகளில் இருப்பவர்கள் என்று அந்த நிறுவனமே சொன்னது. புதிதாகப் படித்து வருபவர்களுக்கு வாய்ப்பு இறுகியிருப்பதும் உண்மை, என் பிள்ளைகளே சொல்கிறார்கள். இயந்திரம் நிரல் எழுதுகிறது, நானே தினமும் பார்க்கிறேன். மாற்றம் வரவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? நாள் குறிக்காதீர்கள் என்கிறேன். செயற்கை நுண்ணறிவை உருவாக்கும் ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் தலைவர் டாரியோ அமோடே 2025 மார்ச்சில், மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் 90 சதவீத நிரலை இயந்திரமே எழுதும் என்றார். சில இடங்களில் அந்த அளவுக்கு வந்திருக்கலாம். என்னிடம் படித்துவிட்டு ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளைக் கேட்டால், இயந்திரம் எழுதியதைப் படித்துத் திருத்துவதற்கே பாதிநாள் போகிறது என்கிறார்கள். படித்துத் திருத்தத் தெரிய வேண்டுமானால் முதலில் எழுதக் கற்றிருக்க வேண்டாமா?

அடுத்த ஆண்டைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவையும் இருக்கின்றன. அவற்றை மேடையில் யாரும் பேசவில்லை. கணினியை இயக்கும் விண்டோஸ் 10 மென்பொருளுக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டுக் கணினிகளுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் பாதுகாப்புத் திருத்தங்களும் 2026 அக்டோபரில் நின்றுவிடும். என் மையத்திலுள்ள எட்டுக் கணினிகள் விண்டோஸ் 11ஐ ஏற்காதவை. கணினியின் தற்காலிக நினைவகமான ரேமின் விலையோ 2025 தீபாவளிக்குப் பிறகு ஏறிய ஏற்றத்தில், கோடையில் வாங்கியதைப்போல் இரண்டு மடங்கு கேட்கிறார்கள். செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய தரவு மையங்கள் ரேமை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். ரேம் தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம், குரூஷியல் என்ற பெயரில் கடைகளில் விற்கும் ரேம் வியாபாரத்தையே விட்டுவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. மண்டபத்தில் உட்கார்ந்திருந்த அப்பா ஒருவர் மகளுக்கு மடிக்கணினி வாங்க நினைத்திருந்தால், இது அவருக்குப் பயன்பட்டிருக்கும். ஆனால் இதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தக்காளி தெரியும். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. அதைப் பார்த்து ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் எத்தனை பேர் மற்றதை அழித்துவிட்டுத் தக்காளி நட்டார்கள், அது காய்த்து வந்தபோது என்ன விலைக்குப் போனது என்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏறும்போது எல்லாரும் நடு என்பார்கள், இறங்கும்போது எல்லாரும் பிடுங்கு என்பார்கள். தக்காளி என்றால் அடுத்த போகத்தில் ஈடுகட்டலாம். படிப்புக்கு அடுத்த போகம் கிடையாது. எனக்குக் கிடைக்கவில்லை.

நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். திங்கட்கிழமை காலை என் மையத்துக்கு ஒரு அப்பா வந்தார். பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்கிறார், மாதம் ஒருமுறை ஊருக்கு வருவார். மகள் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. நான் கட்டணம் வாங்காத நான்கு பேரில் ஒருத்தி. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேரலாம், கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும். அதையெல்லாம் ஆறு மாதங்களுக்கு முன்பே அவருக்கு விளக்கி, அவரும் சரி என்றிருந்தார். இப்போது கைப்பேசியில் அந்தக் காணொளியைப் போட்டு என் முன்னால் நீட்டினார். "அவ்வளவு பெரிய மனிதர் சொல்கிறார் டீச்சர். படித்தும் வேலை இல்லையாமே. அரூர் பக்கம் ஒரு இடம் வந்திருக்கிறது, பையன் சொந்தமாக வண்டி வைத்திருக்கிறான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார். என் அப்பா அன்று காலை பேசிய அதே குரல்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் கடைசியாக நின்ற மாவட்டம் எங்கள் தருமபுரி, 68.5 சதவீதம். இங்கே ஒரு பெண் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டுவதற்குள் எத்தனை வாசல்கள் மூடுகின்றன என்று பெங்களூரிலிருந்து காரில் வந்து இறங்குபவருக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரியாத ஊரில் பேசும்போது இன்னும் பார்த்துப் பேச வேண்டும். படிப்பை நிறுத்தக் காரணம் தேடிக்கொண்டிருக்கும் வீட்டில் உங்கள் ஒரு வாக்கியம் போதும். "அவர் கல்யாணம் பண்ணிவை என்று சொல்லவில்லையே" என்று வாதாடுவீர்கள். சொல்லவில்லைதான். என் உறவுக்காரரும் என்னைக் கணிதம் படி என்று சொல்லவில்லை.

அந்த அப்பாவிடம் மே மாதம் தேர்வு முடிவு வரும்வரை பொறுங்கள் என்று கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றார். நேற்று மாலை அந்தப் பெண் வழக்கம்போல வந்து மூன்றாவது கணினியில் உட்கார்ந்தாள். ஒன்றும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை அதே பேச்சாளர் கிருஷ்ணகிரியில் பேசுகிறாராம். நான் போகிறேன். அந்த அப்பாவையும் வரச் சொல்லியிருக்கிறேன், காலை எட்டு மணி பஸ். 2022இல் மண்டப வாசலில் கொடுத்த துண்டறிக்கை, மெட்டாவெர்ஸ் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்தது, என் மேசை இழுப்பறையில் இன்னும் இருந்தது. எடுத்துப் பையில் வைத்துவிட்டேன்.