சுண்ணாம்புக் காரைச் சுவருக்கு சிமென்ட் பூச்சு வேண்டாம்

"பழைய வீட்டில் காரை உதிர்ந்தால் மொத்தமாகக் கொத்திவிட்டு சிமென்ட் பூசுங்கள், ஈரமே வராது" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். செங்கலையும் சுண்ணாம்புச் சாந்தையும் வைத்துக் கட்டிய சுவருக்கு இது சரிவராது.

செட்டிநாட்டு வீடுகள் மாதிரியான அந்தக் காலச் சுவர்களில் பெரும்பாலும் ஈரத்தடுப்பு அடுக்கு கிடையாது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் போய்விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கி இன்னும் மேலே ஏறும். கூடவே வரும் உப்பு செங்கலை மாவாக அரிக்கும். கடைசியில் சிமென்ட் பூச்சு செங்கல் தோலையும் பிடுங்கிக்கொண்டு பாளம் பாளமாக விழும். அப்புறம் அரித்துப்போன செங்கலையே மாற்ற வேண்டி வரலாம்.

மொத்தமாகக் கொத்தவும் தேவையில்லை. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டொப் டொப்' என்று பொள்ளலாகக் கேட்கும் இடத்தை மட்டும் எடுங்கள். தூசி போகத் துடைத்து, சுவரை நன்றாக நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்த சாந்தைப் பூசுங்கள். ஒரு தடவைக்கு 10 மில்லிமீட்டர் கனம் போதும். அது இறுகிய பிறகே அடுத்தது. பூசிய இடத்தின் மேல் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெதுவாக இழுத்துத்தான் கல்லாகிறது, சீக்கிரம் காய்ந்தால் பொடியாகிவிடும்.

விரிசல் செங்கலையே பிளந்து சாய்வாகப் போனால் அது பூச்சு வேலையே இல்லை. பொறியாளரை அழைத்து அஸ்திவாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.